மாம்பலகை வண்டு

பொன்வண்டு இலை தின்னும், மரம் தின்னாது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்வதற்காக ஒரு முழுக் காலைப்பொழுது ஏசி அறையில் நின்றுகொண்டே பேசியிருக்கிறேன். கேட்டவர்களுக்கு நாற்காலி இருந்தது, சொன்ன எனக்கு இல்லை. என் பக்கத்தில் நின்றவளுக்கும் இல்லை. அவளுக்கு வேலை இருக்குமா போகுமா என்பதுதான் அன்றைக்கு அங்கே பேச்சு. ஒரு வண்டு எங்கே பிறக்கும், எதைத் தின்னும் என்று தெரியாத இரண்டு படித்த மனிதர்கள் சேர்ந்து அவள் சோற்றில் கை வைத்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பேலட் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். தகரக் கூரை போட்ட ஒரே ஒரு செட். பேலட் என்பது சரக்கை மேலே அடுக்கிக் கட்டுகிற மரத் தட்டு. சுற்றியிருக்கிற இரும்புக் கம்பெனிகள் வெளிநாட்டுக்கு அனுப்புகிற பாகமெல்லாம் எங்கள் தட்டில் ஏறித்தான் துறைமுகத்துக்குப் போகும். சரக்கைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். தட்டைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டார்கள், அதில் ஏதாவது கோளாறு வருகிறவரை.

எங்களுக்கு வருவது பெரும்பாலும் மாமரம். காய்ப்பு நின்றுபோன தோப்புகளை வெட்டி, ஆந்திரா எல்லைப் பக்கமிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அறுக்கிறதும் ஆணி அடிக்கிறதும் ஆண்கள். பலகையைத் தரம் பிரிக்கிறது, ஒட்டிக்கொண்டிருக்கிற பட்டையைச் செதுக்குகிறது, அடுக்கி வைக்கிறது எல்லாம் பெண்கள். வெளிநாட்டுக்குப் போகிற மரத்தில் உயிருள்ள பூச்சி எதுவும் இருக்கக் கூடாது என்று சட்டம். அதனால் செய்த தட்டுகளை சேம்பர் என்கிற பெரிய அறையில் அடைத்துச் சூடேற்றுவார்கள். பலகையின் நடுப்பகுதிவரை சூடு ஏறி, ஏறிய சூடு அரை மணி நேரம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான், சூடேற்றியாயிற்று என்பதற்கு அடையாளமான சீலைக் குத்தலாம். சேம்பருக்குப் போய் வந்ததை எங்கள் செட்டில் வெந்த மரம் என்போம். போகாதது வேகாத மரம்.

அந்த சீல் குத்துவது என் வேலை. பதினொரு வருடமாக நான்தான் குத்துகிறேன். கம்பெனி கணக்கில், பி.எஃப். பிடித்தத்தோடு இருக்கிற இரண்டே பெண்களில் நானும் ஒருத்தி. மற்ற பெண்கள் எல்லாம் கான்ட்ராக்ட். நாளைக்கு வராதே என்றால் நாளைக்கு வர முடியாது.

மரத்துக்குள்ளிருந்து வருகிற வண்டைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? செட்டில் மிஞ்சுகிற, சேம்பருக்குப் போகாத துண்டுப் பலகைகளை எடை போட்டு வேலைக்காரர்களுக்கே விற்பார்கள். அப்படி வாங்கி வந்ததில் என் வீட்டுக்காரர் ஒரு பெஞ்சு அடித்தார். மூன்றாவது கோடையில் அதற்குள்ளிருந்து கறக் கறக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. எலி என்று நினைத்து பெஞ்சுக்கு அடியில் எலிப்பொறி வைத்தோம். எலி மாட்டவில்லை, சத்தமும் நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் பலகை ஓரத்தில் புளியங்கொட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை. அதற்குப் பக்கத்தில் மாவு மாதிரி மரத்தூள். தூளுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது.

சுண்டு விரலில் பாதிக்குமேல் நீளம். முதுகு பச்சை, அந்தப் பச்சைக்குள்ளே செம்புப் பாத்திரம் துலக்கின பளபளப்பு. பின்பக்கம் ஒரே கூர்மை. வெயில் பட்டதும் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு இறக்கையைத் தூக்கியது பாருங்கள், உள்ளே முதுகு நீலம்! பட்டுப்புடவைக் கடையில்கூட அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை. ஒரே தாவலில் ஜன்னலைத் தாண்டிப் பறந்துவிட்டது. மூன்று வருடம் அதன் தலைமேல் உட்கார்ந்து நாங்கள் நாஷ்டா தின்றிருக்கிறோம்.

என் பெண் பொன்னேரியில் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். அம்மாவுக்குப் பாடம் எடுப்பது என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். அன்றைக்கு ராத்திரியே உட்காரவைத்துச் சொன்னாள். இந்த ஜாதி வண்டு சீக்கு வந்த மரத்தையும் புதிதாக வெட்டிப்போட்ட மரத்தையும் தேடி நல்ல வெயிலில் பறந்து வருமாம். பட்டை இடுக்கில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடுமாம். முட்டையிலிருந்து வருகிற புழு மரத்துக்குள் இறங்கி, தின்றுகொண்டே வழி செய்து, செய்த வழியைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொண்டு போகுமாம். காலும் கிடையாது, கண்ணும் கிடையாது. முன்பக்கம் தட்டையாக அகன்று, பின்னால் மெலிந்து இருக்கும் என்று நோட்டில் படம் போட்டாள். "அடியே, இது கரண்டிப் புழு" என்றேன். பலகை பிரிக்கிறபோது எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தப் புழு இந்த அழகாக வரும் என்றுதான் தெரியாது.

இன்னொன்றும் சொன்னாள். பச்சை மரத்தில் ஒரு வருடத்தில் முடிகிற வளர்த்தி, பலகை காயக் காய இழுத்துக்கொண்டே போகுமாம். காய்ந்த கட்டையில் சத்து ஏது? மூன்று வருடம், நாலு வருடம், அதற்கு மேலும் உள்ளேயே கிடந்து, வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, கடைசியில் வாயால் கடித்து வெளியே வரும். மரத்தை அறுத்தாலும் இழைத்தாலும் ஆணி அடித்தாலும் அதற்குக் கவலையில்லை. நல்ல சூடு ஒன்றுதான் அதைச் சாகடிக்கும்.

இப்போது அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும், என்னோடு நின்றவளை. என்னைவிடப் பத்து வயது சின்னவள். பழவேற்காடு ஏரிப் பக்கத்துக் குப்பத்துக்காரி. புருஷன் ஏரியில் வலை போடுகிறவன். மீன் பட்டால் உண்டு, படாவிட்டால் இல்லை என்கிற வீட்டில், மாசம் பிறந்தால் நிச்சயமாக வருகிற பணம் இவளுடையது மட்டும்தான். எங்கள் செட்டுக்கு வந்து நாலு வருடம். பட்டை செதுக்குவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது.

எங்கள் காம்பவுண்டு சுவரை ஒட்டிக் கருவேல மரம் ஒன்று நிற்கிறது. ஆவணி, புரட்டாசியில் நாலு மழை விழுந்ததும் அதில் பொன்வண்டு வரும். அவள் சாப்பாடு முடித்துக் கழுவின டிபன் பாக்ஸில் நாலு கொத்து இலையைப் போட்டு, ஒரு வண்டைப் பிடித்து வைத்து, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோவாள். வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை. இரண்டு நாள் வைத்து விளையாடிவிட்டு விட்டுவிடுமாம். ஒரு முறை மேனேஜரே அந்த டப்பாவை வாங்கிப் பார்த்தார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வைத்தார். 'எங்கள் தொழிற்சாலையில் இயற்கை' என்று எழுதி, பச்சை இதயம் வேறு.

அடுத்து விஜயதசமி. எங்கள் கம்பெனியில் ஆயுதபூஜை அன்று மிஷின் எதையும் தொட மாட்டோம். ரம்பம், ஆணித் துப்பாக்கி, சேம்பர் கதவு, என் சீல், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைப்போம். மறுநாள் விஜயதசமியில் நல்ல நேரம் பார்த்து வேலை தொடங்கும். அந்த நல்ல நேரத்துக்குள் ஒரு சீலாவது விழுந்துவிட வேண்டும் என்பது முதலாளியின் நம்பிக்கை. சீல்தானே எங்களுக்குச் சோறு போடுகிறது! ஆனால் சேம்பரோ இரண்டு நாளாக அணைந்து கிடக்கும். காலையில் பற்றவைத்தால் ஒரு அடுக்கு வெந்து வர மத்தியானம் ஆகிவிடும். அதுவரை நல்ல நேரம் காத்துக்கொண்டிருக்குமா? அதனால் வருடாவருடம் நான் ஒரு அடுக்குத் தட்டுகளுக்கு, வேகாத மரத்திலேயே, முதல் சீல் குத்துவேன். முதலாளி சூடம் காட்டுவார். குங்குமம் வைப்பார்கள், அதோடு அவர் கிளம்பிவிடுவார். பிறகு அந்த அடுக்கை சேம்பருக்குள் தள்ளி வேகவைத்துவிடுவோம். தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கிற கதைதான், ஆனால் கெடுதல் ஒன்றும் நடந்ததில்லை.

அந்த வருடமும் அப்படித்தான் குத்தினேன். அவள் பக்கத்தில் நின்று தட்டுகளைப் பிடித்துக்கொண்டாள். சேம்பர் சூடாகிக்கொண்டிருக்கும்போதே இரும்புக் கம்பெனி லாரி வந்து நின்றுவிட்டது. அவர்களுக்கு அவசரம். பழைய வெந்த சரக்கை ஏற்றியது போக ஒரு அடுக்கு குறைந்தது. மேனேஜர் சுற்றிப் பார்த்தார். குங்குமம் வைத்த அடுக்கில் சீல் இருந்தது. "அதை ஏத்து" என்றார்.

"சார், அது இன்னும் வேகலை" என்றேன்.

"சீல் இருக்குல்லம்மா. ஒரு அடுக்குதானே, ஒண்ணும் ஆகாது."

நான் நகர்ந்து வழி விட்டேன். ஃபோர்க்லிஃப்ட் தூக்கியது, லாரி போனது. எங்கள் ஜனத்தைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது என்று பின்னால் நினைத்துச் சிரிப்பும் வந்திருக்கிறது, அழுகையும் வந்திருக்கிறது.

பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம் போட்டோ வந்தது. எந்த நாட்டிலோ ஒரு கோடவுன். இரும்புப் பாகங்களைப் பிரித்தெடுக்கிறபோது தட்டின் மேலே பளபளவென்று ஒரு வண்டு உயிரோடு நடந்ததாம். சரக்கு முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். காரணம் எழுதிக் கொடுக்காவிட்டால் இனிமேல் உங்கள் தட்டு வேண்டாம் என்று இரும்புக் கம்பெனி சொல்லிவிட்டது. மேனேஜர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு செட்டெல்லாம் ஓடினார். என்னிடமும் காட்டினார். பச்சையும் செம்புமாக அதே வண்டு. பலகையில் புளியங்கொட்டை வடிவத்தில் அதே ஓட்டை. ஓட்டைக்குச் சற்றுத் தள்ளி என் சீல். சீலுக்கு மேலே சிவப்பாக ஒரு தீற்றல். அது குங்குமம் என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தே அதைக் கண்டுகொண்டேன்.

வேகாத மரத்துக்கு சீல் குத்தினோம் என்று எழுதிக் கொடுத்தால் சீல் குத்துகிற உரிமையே போய்விடும். ஆகவே காரணம் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். அது ஒரு டிபன் பாக்ஸிலிருந்து வந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் செட்டில் ஊருக்கு இளைத்தவள், கான்ட்ராக்டில் இருக்கிற ஏரிக்கரைக்காரி.

முதலாளி அறைக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். அவள் குற்றம் செய்தவள், நான் அவளோடு வேலை செய்கிறவள், சாட்சி.

"டிபன் பாக்ஸ்ல வண்டு கொண்டு வருவியா மாட்டியா?" என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"கொண்டாரல சார். எட்துகினு போவேன். இங்க சுவத்தாண்ட மரத்துல இருந்து ஊட்டுக்கு எட்துகினு போவேன், கொயந்தைக்கு."

"கொண்டு வர்றதோ கொண்டு போறதோ, பாக்ஸ்ல வண்டு இருந்துச்சா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"இருந்துச்சு சார்."

"பாத்தீங்களா சார்" என்று முதலாளி பக்கம் திரும்பினார். உள்ளேயிருந்து வெளியே எடுத்துப்போனவள், ஒரு நிமிஷத்தில் வெளியேயிருந்து உள்ளே கொண்டுவந்தவள் ஆகிவிட்டாள். ஸ்டேட்டஸ் வைத்த மனிதருக்கு அதைச் சொல்ல வாய் கூசவில்லை.

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "சார், போட்டோல இருக்கிறது பொன்வண்டே இல்ல" என்றேன்.

"எல்லாம் வண்டுதானேம்மா."

"எல்லாம் வண்டுதான் சார். ஆடும் மாடும்கூட எல்லாம் நாலு காலுதான்."

முதலாளி லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது. பேசினேன். பொன்வண்டு குண்டு உடம்பு, உருட்டி வைத்த மாதிரி இருக்கும். போட்டோவில் இருப்பது நீண்டு, பின்னால் கூர்மையாக இருக்கிறது. பொன்வண்டு இலை தின்கிற ஜாதி. வண்டாக அது இருப்பதே சில வாரம்தான். மழையோடு வரும், பனி இறங்குவதற்குள் செத்துப்போகும். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஏறின சரக்கில் தை மாசம் வரைக்கும் எந்த இலையைத் தின்று உயிரோடு இருந்தது? இரும்பையா தின்றது?

"முட்டை போட்டிருக்கும். முட்டை பொரிச்சு வந்திருக்கும்" என்றார் மேனேஜர். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொல்வதற்கும் ஒரு முகம் வேண்டும்.

"போடாது சார். பொன்வண்டு மண்ணுல முட்டை போடும், அரிசி கணக்கா. புழு மண்ணுக்குள்ள இருந்துகினு வேர் தின்னும். கன்டெய்னர்ல மண்ணு ஏது, வேர் ஏது? அந்த போட்டோவைப் பெருசு பண்ணிப் பாருங்க. ஓட்டை தெரியுதா? அது வெளியே இருந்து போன ஓட்டை இல்ல. உள்ளே இருந்து கடிச்சிகினு வந்த ஓட்டை. உள்ளே பூரா மரத்தூள் இருக்கும். இது மாம்பலகையிலயே பொறந்து வளந்த வண்டு. என் ஊட்டுப் பெஞ்சுல இருந்து இதே வண்டு வந்துச்சு சார், மூணு வருஷம் கழிச்சு. என் பொண்ணு படிச்சுட்டுச் சொன்னா."

முதலாளி செல்போனை வாங்கி, போட்டோவை விரலால் பெரிதாக்கி, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தம்மா காலேஜ் வாத்தியார் மாதிரி பேசுது" என்றார். சொன்ன விதத்தில் கேலி இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் அவள் மூச்சு விட்டது கேட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது முதலாளி கேட்டார்: "சரிம்மா. மரத்துல இருந்துதான் வந்துச்சுன்னே வெச்சுக்குவோம். சேம்பர்ல வெந்த மரத்துல அது எப்படி உயிரோட இருந்துச்சு?"

நியாயமான கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது, அது என் வாயில் இருந்தது. அது வேகாத அடுக்கு சார், நல்ல நேரத்துக்காக நான் குத்தின சீல் சார், வேகலை என்று சொல்லியும் மேனேஜர் ஏற்றச் சொன்னார் சார். அவ்வளவுதான். வண்டைப் பற்றி அவ்வளவு பேசினவளுக்கு இந்த மூன்று வரி எவ்வளவு பாரம்?

மேனேஜர் மேஜை மேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். வேகாத தட்டு லாரி ஏறினபோது சீல் குத்தின நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்றுதான் அடுத்த கேள்வி வரும். பதினொரு வருடம், பி.எஃப்., என் பெண்ணுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு, எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் வந்து நின்றன. ஏற்றச் சொல்லவே இல்லை என்று அவர் சொன்னால் யாரை நம்புவார்கள்?

"தெரியலை சார்" என்றேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்ப மேனேஜர் சொல்றதையே எழுதிடுங்க" என்றார்.

என்ன எழுதினார்கள் என்பதை நானே பார்த்தேன், சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம்தானே வந்தது. ஒப்பந்தப் பெண் பணியாளர் ஒருவர் விதிமுறையை மீறி உணவுப் பாத்திரத்தில் பூச்சி எடுத்து வந்ததால் ஏற்பட்ட சம்பவம் என்றும், அந்தப் பணியாளர் நீக்கப்பட்டுவிட்டார் என்றும் இருந்தது. அதில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதை ஒரு வீரமாக அப்போது நினைத்துக்கொண்டேன். யாரும் வற்புறுத்தவும் இல்லை. ஆணி அடிக்கிற ஒருவரிடம் வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். கேட்டில் ஒரு போர்டு வைத்தார்கள்: பூச்சி, வண்டு முதலியவற்றை உள்ளே கொண்டுவரக் கூடாது. தினம் காலையில் செக்யூரிட்டி பெண்களுடைய டிபன் பாக்ஸை மட்டும் திறந்து, எலுமிச்சை சாதத்தைக் கரண்டியால் கிளறிப் பார்ப்பார். ஆண்கள் அப்படியே போகலாம். ஆண்கள் சாப்பாட்டில் வண்டு வராது போல. லாரி லாரியாகப் பட்டையோடு மாமரம், உள்ளே கரண்டிப் புழுவோடு, அதே கேட்டு வழியாகத்தான் உள்ளே வரும். அதை யாரும் கிளறிப் பார்ப்பதில்லை. கருவேல மரத்தையும் வெட்டிவிட்டார்கள். அந்த மரத்துக்கும் மாம்பலகைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. வாய் துடித்து என்ன செய்ய? துடிக்க வேண்டிய நாளில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்த வாய்.

பத்து நாள் பொறுத்தேன். பதினோராவது நாள் மேனேஜர் தனியாக இருக்கிறபோது போய், "சார், அது வேகாத அடுக்கு. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலாளிகிட்ட சொல்லப் போறேன்" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. நிமிர்ந்துகூட உட்காரவில்லை. "சொல்லு. லெட்டர் போயாச்சு, அவங்க ஒத்துக்கிட்டு ஆர்டரும் குடுத்தாச்சு. இப்ப போய்ச் சொன்னா உன்னையும் அனுப்புவாங்க, அவ்வளவுதான். அன்னிக்கு முதலாளி கேட்டப்ப சொல்லியிருந்தா அந்தப் பொண்ணை அனுப்ப எங்ககிட்ட காரணமே இருந்திருக்காது. நீ சொல்லிடுவேன்னு நான் பயந்துட்டேதான் உக்காந்திருந்தேன்" என்றார்.

அந்த ஆள் பேசியதிலேயே பொய் கலக்காத பேச்சு அது ஒன்றுதான். அதனால்தான் அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மேனேஜரை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். வியாபாரி கொண்டுவந்து போடுகிற இறால், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. குளிர்ந்த இறாலிலேயே கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வாக்கா, உக்காருக்கா" என்று பாயைப் போட்டாள். குழந்தை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று என்னை எட்டிப் பார்த்தது.

நான் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டேன். அவன் மனுஷனா, ஒரு பொம்பளை வயித்துல அடிச்சவன் நல்லா இருப்பானா, அன்னிக்கு ஸ்டேட்டஸ் வெச்சவன் இன்னிக்கு இப்படிப் பண்ணானே, போர்டு வெச்சிருக்கான், மரத்தை வெட்டிட்டான் என்று ஒரு மூச்சு கொட்டித் தீர்த்தேன். அவள் இறால் ஓட்டை உரித்துக்கொண்டே கேட்டாள். 

"அந்தாள இன்னாத்துக்குக்கா திட்டற" என்றாள். "அவன் அப்படித்தான். நமக்கு இன்னா புச்சா? எனக்கும் தெரியும்க்கா, அது வேகாத அடுக்குன்னு. நீ சீல் குத்தறப்போ தட்டைப் புடிச்சுகினு நின்னவ நான்தானே. வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, வேகாததுக்கு சீல் குத்திட்டு ஏன் ஏத்த வுட்டன்னு உன்னத்தான் புடிப்பாங்க. உன் பேரு என் வாயால வரக்கூடாதுன்னு வுட்டுட்டேன். வண்டைப் பத்தி அவ்ளோ பேசுனியே, இத்தயும் நீயே சொல்லிடுவன்னு உன் மூஞ்சியவே பாத்துகினு நின்னேன்க்கா."

சொன்னதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவள் அடுத்த இறாலை எடுத்தாள். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.